முடிச்சுகளில் மலர்ந்த கலை
மிருணாளினி முகர்ஜியும் அவரை உருவாக்கிய ஆசிரியர்களும்

நவராத்திரி ஒன்பது நாட்களும் அன்னை பராசக்தியை மூன்று வடிவங்களில் வழிபடுகிறோம். முதல் மூன்று நாட்கள் வீரத்திற்கும், அடுத்த மூன்று நாட்கள் செல்வத்திற்கும், நிறைவான மூன்று நாட்கள் கல்விக்கும் உரியவை. ஒன்பதாம் நாளன்று ஏடும் எழுத்தாணியும் மட்டுமல்லாது, தச்சரின் உளி, தையற்காரரின் கத்தரிக்கோல், பூக்கட்டுபவரின் ஊசி என அனைத்துக் கருவிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டுப் போற்றுகிறோம். கல்விக்கும் கைத்தொழிலுக்கும் ஒரே நாளில் பூசை செய்வதன் உட்பொருள் ஆழமானது. கையால் செய்யும் வேலையும் கலைமகளின் அருளே என்பதை நம் முன்னோர்கள் இதன் வழியாக நமக்கு உணர்த்திச் சென்றுள்ளனர்.

இந்த உண்மைக்குச் சான்றாக விளங்கியவர் இந்தியச் சிற்பக் கலைஞர் மிருணாளினி முகர்ஜி அம்மையார். கல்லையோ மரத்தையோ செதுக்குவதை விடுத்து, மூட்டை கட்டவும் கட்டில் பின்னவும் பயன்படும் சணல் கயிற்றைக் கையிலெடுத்து, முடிச்சின் மேல் முடிச்சாக இட்டு, ஆளுயரத்திற்கும் மேலான உருவங்களை எழுப்பியவர் அவர். அந்த உருவங்கள் இன்று உலகின் புகழ்மிக்க அருங்காட்சியகங்களில் இடம்பெற்றுள்ளன. இத்தகைய சாதனை ஒருவரால் மட்டும் நிகழ்ந்துவிடுவதில்லை. கற்பிப்பதைத் தவமாகக் கொண்ட ஆசிரியர்கள் மூவர் அவருக்குப் பின்னால் நின்றார்கள். ஒருவர் தந்தை, ஒருவர் தாய், மற்றொருவர் குரு. மாதா, பிதா, குரு என்று நாம் வரிசைப்படுத்திச் சொல்வது இவருடைய வாழ்வில் எழுத்துக்கு எழுத்து மெய்யாயிற்று எனலாம்.

சாந்திநிகேதனம் இட்ட வித்து

இந்தக் கதையின் வேர் வங்காளத்தில் உள்ள சாந்திநிகேதனத்தில் இருக்கிறது. கவியரசர் இரவீந்திரநாத் தாகூர் 1919-ஆம் ஆண்டில் அங்கே கலாபவனம் என்னும் கலைக்கூடத்தைத் தோற்றுவித்தார். அதனை வளர்க்கும் பொறுப்பை ஓவிய மேதை நந்தலால் போஸ் ஏற்றார். அக்காலத்தில் ஆங்கில ஆட்சியினர் நடத்திய கலைப்பள்ளிகளில் மேலைநாட்டுச் சிலைகளின் வார்ப்புகளைப் பார்த்து வரைவதே பாடமாக இருந்தது. கலாபவனத்திலோ மாணவர்கள் மரத்தடியில் அமர்ந்து மரத்தையே வரைந்தார்கள். ஓவியம் பயின்ற அதே கைகள் தரையில் கோலமிடவும், துணியில் சாயமேற்றவும், தோலில் அணி செய்யவும், தறியில் நெய்யவும் பழகின.

ஓவியம் உயர்ந்தது, கைவினை தாழ்ந்தது என்னும் பாகுபாட்டை நந்தலால் ஏற்கவில்லை. வங்காளப் பெண்கள் வாசலிலும் பூசை மண்டபத்திலும் அரிசி மாவால் இடும் 'அல்பனா' என்னும் கோலத்தை அவர் தமது கல்விக்கூடத்தின் பாடமாகவே வைத்தார். 1922-ஆம் ஆண்டில் அருகிலேயே ஸ்ரீநிகேதனம் என்னும் கிராம மேம்பாட்டு நிலையம் எழுந்தது. உழவும் நெசவும் கைத்தொழிலும் அங்கே கல்வியோடு இணைந்தன. கையால் உழைப்பவனுக்கும் அழகைப் படைப்பவனுக்கும் இடையே சுவர் எழுப்பலாகாது என்பதே அந்த ஆசிரமத்தின் கொள்கையாக விளங்கியது.

பார்வை இழந்தும் கற்பித்த தந்தை

கலாபவனத்தின் முதல் மாணவர் அணியில் ஒருவராக இருந்தவர் பினோத் பிஹாரி முகர்ஜி. 1904-ஆம் ஆண்டில் பிறந்த இவருக்குப் பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வையில்லை. மற்றொரு கண்ணிலும் பார்வை மிகக் குறைவு. ஓவியனாவதற்கு இப்படிப்பட்டவர் தகுதியுடையவரா என்ற ஐயம் எவருக்கும் எழக்கூடியதே. ஆனால் அவர் தளராமல் கற்றார். 1925-ஆம் ஆண்டில் அதே கூடத்தில் ஆசிரியராகவும் ஆனார்.

அவருடைய படைப்புகளுள் பக்தர்கள் அறிந்திருக்க வேண்டியது, சாந்திநிகேதனத்தின் ஹிந்தி பவனத்தில் 1946-47-ஆம் ஆண்டுகளில் அவர் தீட்டிய சுவரோவியம் ஆகும். இடைக்கால இந்தியாவின் அருளாளர்களே அதன் கருப்பொருள். நெசவாளரான கபீர்தாசர், கண்ணனைப் பாடிய சூர்தாசர், இராம காதை தந்த துளசிதாசர், சீக்கிய குரு கோவிந்த் சிங் முதலியோர் எளிய மக்களின் கூட்டத்தினூடே நடந்து வருவதுபோல அந்தச் சுவர்கள் முழுவதும் அவர் வரைந்தார். ஈரச் சுண்ணச் சாந்தின் மேல், அது உலர்வதற்குள், வண்ணம் தீட்ட வேண்டிய கடினமான முறை அது. தவறினால் அழித்து எழுத இயலாது. சுவரில் முன்கூட்டியே கோடு பதித்துக் கொள்ளாமல், குறைந்த பார்வையோடு, நேரடியாகவே அதனை அவர் தீட்டினார் என்பது வியப்புக்குரியது.

1957-ஆம் ஆண்டில் அவருக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. அதன்பின் எஞ்சியிருந்த பார்வையும் முற்றாக அற்றுப்போயிற்று. அப்போது அவருக்கு வயது 53. மகள் மிருணாளினிக்கு எட்டு வயது.

ஓர் ஓவியரின் கண்கள் இருண்டுவிட்டால் அவருடைய வாழ்வே முடிந்தது என்றுதான் உலகம் எண்ணும். பினோத் பிஹாரி அவ்வாறு எண்ணவில்லை. அடுத்த ஆண்டே கலாபவனத்திற்குத் திரும்பிக் கலைக் கொள்கையைக் கற்பிக்கும் பேராசிரியராகப் பணியாற்றினார். தாம் பார்த்துப் பார்த்து மனத்தில் பதித்திருந்த ஓவியங்களையும் சிற்பங்களையும் சொற்களால் மாணவர்களின் கண்முன் நிறுத்தினார். கைகள் ஓய்ந்திருக்கவில்லை. வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார். விரல் நுனியின் உணர்வை நம்பிக் களிமண்ணிலும் மெழுகிலும் சிறு உருவங்கள் வடித்தார். 1972-ஆம் ஆண்டில் கலாபவனத்தின் சுவரொன்றில் ஓடுகளால் ஒரு பெரும் படைப்பையே அமைத்தார். அதே ஆண்டில், ஒருகாலத்தில் அவரிடம் பயின்ற திரைப்பட மேதை சத்யஜித் ரே, தம் ஆசிரியரைப் பற்றி 'அகக்கண்' என்னும் பொருள்படும் பெயரில் ஆவணப்படம் ஒன்றை எடுத்தார். மாணவர் ஒருவர் தம் குருவுக்குச் செலுத்திய காணிக்கையாகவே அது அமைந்தது.

கண்ணால் அல்ல, கையால் அறிவது என்பதை மிருணாளினி தம் இல்லத்திலேயே கண்டு வளர்ந்தார். பின்னாளில் வரைபடம் எதுவுமின்றி விரல்களின் போக்கிலேயே அவர் கயிற்றை முடிந்து சென்றதற்குரிய வித்து இங்கே விழுந்திருக்க வேண்டும்.

சிறுவர்களுக்குக் கற்பித்த தாய்

தாயார் லீலா முகர்ஜியும் சாந்திநிகேதனத்தில் பயின்ற கலைஞரே. 1940-களின் இறுதியில் கணவர் நேபாளத்தில் பணியேற்றபோது, அந்நாட்டு மரச்சிற்பக் கைவினைஞர் ஒருவரிடம் செதுக்கும் கலையை முறையாகப் பயின்றார். கல்லூரியில் படித்த பெண்மணி ஒருவர், பரம்பரைத் தொழிலாளி ஒருவரைக் குருவாக ஏற்று, அவரருகே அமர்ந்து உளி பிடிக்கக் கற்றது அக்காலத்தில் எளிதாகக் காணக்கூடிய செயலன்று.

பின்னர் இமயமலை அடிவாரத்திலுள்ள டேராடூன் நகரில் குடியமர்ந்து, அங்குள்ள சிறுவர் பள்ளியொன்றில் நீண்ட காலம் கலை கற்பித்தார். கணவர் பார்வையிழந்த நிலையில் குடும்பத்திற்கு அந்த ஆசிரியப் பணி உறுதுணையாக விளங்கியது. பகலில் பிறர் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டு, மீந்த நேரத்தில் தம் சிற்ப வேலையையும் விடாமல் செய்து வந்தார். வீட்டுப் பொறுப்பு, பள்ளிப் பணி, கலைப்பணி மூன்றையும் ஒருங்கே சுமந்த தாய்மார்களின் அருமையை நம் சமுதாயத்திற்கு எடுத்துரைக்க வேண்டிய தேவையில்லை.

1949-ஆம் ஆண்டில் பம்பாயில் பிறந்த மிருணாளினியின் இளமை டேராடூனின் மலைக் காடுகளுக்கும் சாந்திநிகேதனத்தின் தோப்புகளுக்கும் இடையே கழிந்தது. அவர் பெயரின் பொருளும் எண்ணிப் பார்க்கத்தக்கது. 'மிருணாளம்' என்னும் வடசொல் தாமரைத் தண்டையும் அதனுள் ஓடும் நாரையும் குறிக்கும். மிருணாளினி என்றால் தாமரைக் கொடி என்று பொருள். நாரைக் கொண்டே தம் கலையை வளர்க்கப்போகும் குழந்தைக்கு இப்பெயர் வாய்த்தது அன்னை கலைமகளின் திருவுளம் என்றே பக்தர்கள் கொள்வர்.

பரோடாவில் கிடைத்த குரு

பதினாறு வயது அளவில் மிருணாளினி குஜராத்திலுள்ள பரோடா நகரின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர்தான் கே.ஜி. சுப்பிரமணியன் அவர்கள். தமிழர்கள் பெருமையோடு நினைவுகூர வேண்டிய பெயர் இது. 1924-ஆம் ஆண்டில் கேரளத்தின் கூத்துப்பறம்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் இவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்று கொண்டிருந்தபோது விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அதன் விளைவாக அரசுக் கல்லூரிகளின் கதவுகள் அவருக்கு அடைக்கப்பட்டன. படிப்பு தடைப்பட்ட அந்த இளைஞர் 1944-ஆம் ஆண்டில் சாந்திநிகேதனம் சென்று நந்தலால் போஸிடமும் பினோத் பிஹாரியிடமும் கலை பயின்றார். ஒரு கதவு அடைபட்டதால் மற்றொரு பெரிய கதவு திறந்தது.

ஆகவே, தந்தையிடம் பயின்றவரே மகளுக்கு ஆசிரியரானார். குருவிடம் பெற்றதைக் குருவின் மகளுக்கே திருப்பித் தந்த இந்நிகழ்வு, நம் குருகுல மரபில் போற்றப்படும் கடன் தீர்த்தலை ஒத்திருக்கிறது.

சுப்பிரமணியன் 1951-ஆம் ஆண்டில் பரோடாவில் ஆசிரியப் பணியைத் தொடங்கினார். இடையில் 1959 முதல் 1961 வரை அகில இந்திய கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பிரிவின் துணை இயக்குநராகப் பொறுப்பேற்று, நெசவாளர்களோடு நெருங்கிப் பழகினார். நூலையும் நாரையும் அறிந்த கைகளின் அறிவு ஏட்டறிவுக்குச் சற்றும் குறைந்ததன்று என்பதை அங்கே அவர் நேரில் கண்டார். மீண்டும் பரோடா வந்தபின், அந்த அறிவை வகுப்பறைக்குள் கொண்டு வந்தார்.

1961-ஆம் ஆண்டு முதல் பரோடா கலைக்கல்லூரியில் கலைச்சந்தைகள் நடைபெறலாயின. ஆசிரியர்களும் மாணவர்களும் ஒன்றுகூடி மரத்துண்டுகள், தோல், மணி, கயிறு முதலியவற்றால் பொம்மைகளும் வீட்டுப் பொருட்களும் செய்து பொதுமக்களுக்கு விற்றனர். சுப்பிரமணியன் தாமே குரங்கும் குதிரையும் மனித உருவங்களுமாக விளையாட்டுப் பொம்மைகளைச் செய்தார். உலகப் புகழ்பெறத் தொடங்கிய ஓர் ஓவியர், குழந்தைகள் கையில் உருட்டி விளையாடும் பொம்மை செய்வதைத் தமக்கு இழுக்காகக் கருதவில்லை. சிறுவர்களுக்கான படநூல்களையும் அவர் தாமே எழுதி வரைந்தார். ஆசிரியரே தரையில் அமர்ந்து பொம்மைக்கு மணி கோக்கும்போது, எந்த வேலையும் சிறுமையானதன்று என்னும் பாடத்தை மாணவர் சொல்லாமலே கற்றுக்கொண்டனர்.

ஓவியப் பட்டம் பெற்றபின் மிருணாளினி மேலும் இரண்டாண்டுகள் அவரிடமே சுவரோவிய வடிவமைப்புப் பயின்றார். சுவர் என்றால் வண்ணம் மட்டுமே பூச வேண்டும் என்பதில்லை, மண்ணும் கல்லும் நாரும்கூடச் சுவரை அணி செய்யலாம் என்பது சுப்பிரமணியனின் கொள்கை. அருகில் எளிதாகக் கிடைக்கும் பொருளை எடுங்கள், அதன் இயல்பை அறிந்து அதனோடு பேசுங்கள் என்பதே அவர் மாணவர்களுக்கு அளித்த பயிற்சியின் சாரம். நார்ப்படைப்புகளை அவரும் செய்து பார்த்தவர். எனினும் இதைத்தான் செய்ய வேண்டும் என்று மாணவியை அவர் கட்டுப்படுத்தவில்லை. கயிற்றை எடுத்தவர் மிருணாளினி. எடுத்ததை விடாமல் கால் நூற்றாண்டு பற்றியிருந்தவரும் அவரே. வழியைக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்கும் ஆசிரியரே நல்லாசிரியர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தறியில்லை, வரைபடமில்லை

1972-ஆம் ஆண்டில் புதுதில்லியில் மிருணாளினியின் முதல் தனிக் கண்காட்சி நடைபெற்றது. சணல் நாரால் ஆன படைப்புகளே அதில் இடம்பெற்றன. தொடக்கத்தில் அவை சுவரில் தொங்கும் வடிவில் இருந்தன. நாளடைவில் சுவரை விட்டு விலகின. கூரையிலிருந்து தொங்கியும், தரையில் தாமே நின்றும் முழுமையான சிற்பங்களாக வளர்ந்தன.

அவர் வேலை செய்த முறை பொறுமையின் இலக்கணம் எனலாம். சந்தையில் வாங்கிய சணல் கயிறுகளை முதலில் பருமனுக்கேற்ப வகைப்படுத்துவார். பின்னர் அவற்றைச் சாயத்தில் தோய்த்து உலர்த்துவார். மஞ்சள், காவி, செம்மண் நிறம், கருஞ்சிவப்பு, ஊதா, பாசிப்பச்சை என வண்ணங்கள் அடக்கமாகவும் ஆழமாகவும் இருக்கும். அதன்பின் முடிச்சிடும் வேலை தொடங்கும். தறி கிடையாது. ஊசி கிடையாது. இரு கைகளும் பத்து விரல்களுமே கருவிகள். பெரிய உருவங்களைத் தாங்குவதற்கு உள்ளே உலோகச் சட்டம் இருக்கும். அதன் மேல் முடிச்சுகள் வரிசை வரிசையாக ஏறி, மடிந்து, விரிந்து, தொங்கித் தசைபோலவும் இதழ்போலவும் திரைபோலவும் உருக்கொள்ளும்.

முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. ஒரு முடிச்சு அடுத்த முடிச்சுக்கு வழி சொல்லும். கயிற்றின் எடை எப்பக்கம் இழுக்கிறதோ அதனை மதித்து, அதற்கேற்ப வடிவத்தை அமைப்பார். கல்லில் சிற்பி வேண்டாததைச் செதுக்கி நீக்குகிறான். இங்கோ நீக்குவதற்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் ஒவ்வொரு முடிச்சாகச் சேர்த்தே உருவம் எழுகிறது. பிழை நேர்ந்தால் முடிச்சை அவிழ்த்து மீண்டும் தொடங்க வேண்டும். ஒரு பெரிய சிற்பம் நிறைவுபெறப் பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டு வரையிலும் ஆகும். சாயமேற்றவும் கயிற்றைப் பிரிக்கவும் உதவியாளர்கள் உடனிருந்தனர்.

பூச்சரம் தொடுத்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். முடிச்சு இறுகினால் காம்பு அறும். தளர்ந்தால் மலர் உதிரும். அந்த அளவு எதுவென்று புத்தகத்தில் எழுதிவைக்க இயலாது. கைதான் அதனை அறியும்.

கருவறை தந்த உணர்வு

மிருணாளினி தம் சிற்பங்களுக்கு இட்ட பெயர்கள் நம் செவிக்கு மிகவும் பழகியவை. 1979-ஆம் ஆண்டின் படைப்பு 'நாக தேவதா'. 1982-இல் 'தேவி', 'ருத்ரா'. 1984-இல் 'யக்ஷி'. 1994-இல் 'வனஸ்ரீ'. 1996-இல் 'ஆரண்யானி'. இவற்றுள் ஆரண்யானி என்பது ரிக் வேதத்தில் போற்றப்படும் வன தேவதையின் திருநாமம் ஆகும்.

இவை வழிபாட்டுக்குரிய திருமேனிகள் அல்ல என்பதனையும் இங்கே தெளிவுபடுத்துவது நன்று. ஆகம விதிப்படி அளவெடுத்து, கண் திறந்து, குடமுழுக்குச் செய்து நிறுவும் மூர்த்தங்கள் வேறு. கலைஞர் தம் மனவுணர்வில் கண்ட வடிவங்கள் வேறு. இந்த வேறுபாட்டை மிருணாளினியே நன்குணர்ந்து கூறியிருக்கிறார். தம் உருவங்களுக்கும் மரபுவழித் தெய்வ இலக்கணத்திற்கும் நேரடித் தொடர்பில்லை என்றும், ஆலயத்தின் சிறிய கருவறைக்குள் நுழைந்து நிமிர்ந்து நோக்கும்போது எதிரே நிற்கும் திருவுருவம் நம்மை ஆட்கொள்ளும் அந்த வியப்புணர்வே தம் படைப்பில் எழ வேண்டுமென்று தாம் விரும்புவதாகவும் அவர் விளக்கியுள்ளார்.

இந்த விளக்கத்தில் பக்தர்கள் சிந்திக்க வேண்டிய பொருள் உண்டு. பேரொளி வீசும் பெருமண்டபத்தைக் கடந்து, இருள் அடர்ந்த சிறு அறையின் முன் நிற்கிறோம். தீபாராதனையின் சுடரில் அம்பிகையின் திருமுகம் ஒரு கணம் ஒளிர்கிறது. அக்கணத்தில் பேச்சு அடங்குகிறது, உள்ளம் ஒடுங்குகிறது. அந்த அனுபவத்தைத் தமது கைவேலையின் உரைகல்லாக ஒரு கலைஞர் கொண்டார் என்றால், நம் ஆலயங்கள் வழிபடுவோருக்கு அமைதியையும் படைப்போருக்கு ஊற்றையும் ஒருங்கே வழங்கி வருகின்றன என்பது தெளிவாகிறது.

இந்தியாவெங்கும் உள்ள பழைய கோயில்களையும் சிற்பங்களையும் காண அவர் பயணங்கள் மேற்கொண்டார். காடும் கொடியும் மலரும் மொட்டும் அவருடைய உருவங்களில் தெய்வச் சாயலோடு கலந்து நின்றன. வேப்பமரத்தடியில் மஞ்சள் துணி கட்டி வணங்கும் மக்களுக்கு, மரத்திலும் கொடியிலும் தெய்வத்தைக் காணும் அவர் பார்வை புதியதாகத் தோன்றாது.

கைவினை என்று ஒதுக்கப்பட்ட காலம்

இன்று போற்றப்படும் இப்படைப்புகள் தொடக்கத்திலேயே வரவேற்கப்பட்டன என்று எண்ணிவிடக் கூடாது. கயிறு பின்னுவது பெண்கள் வீட்டில் பொழுதுபோக்காகச் செய்யும் கைவேலை, இதனைச் சிற்பம் என்று எப்படி அழைப்பது என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கல்லும் உலோகமும் மட்டுமே சிற்பத்திற்குரிய பொருள்கள் என்று கருதப்பட்ட காலம் அது. மேலைநாடுகளில் 1960-களிலிருந்தே நாரையும் நூலையும் கொண்டு பெரும் படைப்புகள் தோன்றியிருந்தபோதிலும், அங்கும் அவற்றைக் கைவினைப் பிரிவில் வைப்பதா, கலைப்பிரிவில் வைப்பதா என்ற வழக்கு நெடுங்காலம் தீரவில்லை.

மிருணாளினி வாதத்தில் இறங்கவில்லை. தொடர்ந்து முடிச்சிட்டார். ஆண்டுக்கு மிகச் சில படைப்புகளே நிறைவுபெறும் மெதுவான வேலையில், விரைந்து புகழ்பெற வேண்டும் என்ற ஆசைக்கு இடமில்லை. 1986-ஆம் ஆண்டில் சிட்னி நகரின் ஈராண்டுக் கலைவிழாவில் அவர் பங்கேற்றார். 1994-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரிலுள்ள நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது.

1990-களின் நடுவிலிருந்து அவர் களிமண்ணுக்கும், பின்னர் வெண்கலத்திற்கும் மாறினார். உடலை வருத்தும் கயிற்று வேலையை வயது ஏற ஏறத் தொடர்வது எளிதன்று. ஆயினும் நாரில் கற்ற பாடம் அவரை விட்டு நீங்கவில்லை. அவருடைய மண் மலர்களும் வெண்கல இலைகளும் கையால் மடித்து விரித்தவை போலவே தோற்றமளித்தன. பொருள் மாறியது, கை மாறவில்லை.

விழா நிறைந்தது, விளக்கு அணைந்தது

2015-ஆம் ஆண்டு சனவரி இறுதியில் புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகள் அனைத்தையும் ஒருங்கே காட்டும் பெருங்கண்காட்சி தொடங்கியது. நாற்பதாண்டு உழைப்புக்குத் தாய்நாடு அளித்த மரியாதை அது. ஆனால், நோயுற்று மருத்துவமனையில் இருந்த அந்தக் கலைஞர், கண்காட்சி தொடங்கிய சில நாட்களிலேயே, பிப்ரவரி மாதத் தொடக்கத்தில், 65-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். மண்டபத்தில் மக்கள் திரண்டு அவருடைய தேவியையும் வனஸ்ரீயையும் அண்ணாந்து நோக்கிக்கொண்டிருந்த நாட்களில் அவற்றை முடிந்த விரல்கள் ஓய்ந்துவிட்டன.

மாணவிக்குப் பின்னர் ஆசிரியரும் அதிக காலம் வாழவில்லை. 2012-ஆம் ஆண்டில் பத்ம விபூஷண் விருது பெற்ற கே.ஜி. சுப்பிரமணியன், 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 92-ஆம் வயதில் மறைந்தார். 85 வயதிலும் அவர் கலாபவனத்தின் கட்டடச் சுவர்களில் கறுப்பு வெள்ளையில் பெரும் சுவரோவியம் தீட்டியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அதன்பின் மிருணாளினியின் புகழ் வளர்பிறையாயிற்று. 2019-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. 2022-ஆம் ஆண்டின் வெனிஸ் கலைவிழாவில் அவருடைய கயிற்றுச் சிற்பங்கள் கம்பீரமாக நின்றன. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் இலண்டன் ராயல் அகாடமியில் தொடங்கிய கண்காட்சி மற்றெல்லாவற்றினும் பொருள் பொதிந்தது. அங்கே மிருணாளினியின் படைப்புகளோடு, தந்தை பினோத் பிஹாரி, தாய் லீலா, குரு சுப்பிரமணியன் ஆகியோரின் படைப்புகளும் ஒரே கூரையின் கீழ் வைக்கப்பட்டன. கற்றவரையும் கற்பித்தவர்களையும் பிரித்துப் பார்க்க இயலாது என்பதை உலகம் ஏற்றுக்கொண்டதற்கு அது அடையாளம் ஆகும்.

ஆலயங்கள் ஆற்ற வேண்டிய பணி

இவ்வரலாற்றைப் படிக்கும் ஆலய அன்பர்கள் தம் கோயிலைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். கொடியேற்றத்திற்குரிய கயிறு, தேர் இழுக்கும் வடம், மாலை தொடுக்கும் நார், மண்டபத்தில் கட்டும் தென்னங்குருத்துத் தோரணம், தேரில் தொங்கும் தொம்பைகள் ஆகிய அனைத்தும் நாரும் நூலும் கைப்பழக்கமும் சேர்ந்து விளைந்தவை. இவற்றுள் எத்தனையை நம் பிள்ளைகள் செய்ய அறிவார்கள்? கடையில் வாங்கும் நெகிழித் தோரணம் ஒரு நிமிடத்தில் மாட்டி முடிந்துவிடும். ஆனால் குருத்தோலையில் கிளி மடிக்கத் தெரிந்த பாட்டியின் கையறிவு அவரோடு மறைந்துபோனால், எந்தக் கடையிலும் அதனைத் திரும்ப வாங்க இயலாது.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வாரம் ஒருமுறை சமய வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லித் தந்தபின், அரைமணி நேரம் பூத்தொடுக்கவும் கோலமிடவும் தோரணம் பின்னவும் கற்பித்தால் போதும். கற்பிக்க வல்ல மூத்தோர் ஒவ்வோர் ஆலயத்திலும் மடைப்பள்ளியிலும் பூக்கட்டும் திண்ணையிலும் அமர்ந்திருக்கிறார்கள். நேபாளத் தச்சரிடம் லீலா அம்மையார் பணிவோடு கற்றதுபோல, நம் இளைஞர்களும் அவர்களருகே சென்று அமர்தல் வேண்டும். முதல் நாள் கட்டும் சரம் தளர்ந்துதான் இருக்கும். அம்பிகை அதனையும் ஏற்றருள்வாள்.

பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் மாணவருக்குக் காணக் கற்பித்தார். சிறை சென்றதால் கல்லூரியை இழந்தவர் பல தலைமுறைகளுக்குக் கல்லூரியாகவே விளங்கினார். பிறர் பிள்ளைகளுக்குக் கற்பித்த தாயின் மகள், மூட்டை கட்டும் கயிற்றில் தேவியைக் கண்டாள். விஜயதசமித் திருநாளில் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை எழுதுவிக்கும் பெற்றோர், அதே விரல்களுக்கு ஒரு முடிச்சையும் கற்றுக் கொடுப்பார்களாக. கல்வியும் கைத்திறனும் ஒருசேர வளர்ந்து நம் இல்லங்கள் சிறக்க அன்னை கலைமகள் அருள்புரிவாளாக.